உப்பில்லா அன்னத்தை உவந்து ஏற்றவன்

திருக்கோயிலில் மடைப்பள்ளி எத்தனை புனிதமானதோ, நோன்பு நாட்களில் நம் இல்லத்துச் சமையலறையும் அத்தனை புனிதமானது. விடியலிலேயே அடுப்பைத் துடைத்துக் கோலமிட்டு, நீராடி, நெற்றியில் திலகமிட்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டுதான் பெண்கள் அடுப்பை ஏற்றுகிறார்கள். அன்றைய சமையலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இறைவனுக்குப் படைக்கும் வரை எதையும் வாயிலிட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லை.

பொன்னை உரைத்துப் பார்க்கக் கல் இருக்கிறது. சமைப்பவருக்கோ நாவுதான் உரைகல். அந்த உரைகல்லையே ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணையும் மூக்கையும் கையளவையும் மட்டுமே நம்பிப் பத்துப் பேருக்குச் சமைப்பது எளிய செயல் அன்று. ஆண்டு முழுவதும் பொங்கல், நவராத்திரி, கோகுலாஷ்டமி, விநாயகர் சதுர்த்தி என்று வரும் ஒவ்வொரு பண்டிகையிலும் நம் இல்லத்தரசிகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பூஜை நிறைவுற்று, தீபாராதனை முடிந்து, இலை போட்டாயிற்று. அனைவரும் முதல் கவளத்தை எடுக்கிறார்கள். அந்தச் சில நொடிகளில் கரண்டியுடன் நிற்கும் பெண்ணின் கண்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் செல்லும். “உப்பு கொஞ்சம் குறைச்சல்தான்” என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதிகாலை முதல் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடும். சொன்னவர் அதை அடுத்த கவளத்திலேயே மறந்துவிடுவார். கேட்டவரோ அடுத்த பண்டிகை வரை மறக்கமாட்டார்.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன பேசவேண்டும் என்பதைப் பெருமாளே ஒரு திருத்தலத்தில் நமக்குக் காட்டியிருக்கிறார்.

திருவிண்ணகரில் கிடைத்த விடை

கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் இருக்கிறது ஒப்பிலியப்பன் கோயில். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்திற்குத் திருவிண்ணகர் என்பது பழம்பெயர். தலபுராணம் சொல்லும் வரலாறு இது.

மார்க்கண்டேய மகரிஷி இங்கே தவமிருந்தபோது, துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார். குழந்தையாக வந்தவள் பூமிப்பிராட்டி. மகளாகவே பாவித்து முனிவர் அவளை வளர்த்துவந்தார். அவள் மணப்பருவம் எய்தியபோது, ஒருநாள் தள்ளாத முதியவர் ஒருவர் ஆசிரமத்திற்கு வந்து, “உமது மகளை எனக்கு மணம் செய்து தாரும்” என்றார். முனிவர் திகைத்தார். எப்படி மறுப்பது என்று தெரியாமல், “இவள் மிகவும் இளையவள். சமையலில் உப்பு எவ்வளவு இடவேண்டும் என்றுகூட அறியாதவள். உமக்கு எப்படிப் பொருந்துவாள்?” என்றார்.

முதியவர் சற்றும் தயங்கவில்லை. “அவள் உப்பில்லாமல் சமைத்தாலும் அதையே விரும்பி உண்பேன்” என்றார். வந்தவர் திருமாலே என்பதை முனிவர் பின்னரே உணர்ந்தார். தந்த வாக்கின்படி இன்றளவும் இத்தலத்தில் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியமே படைக்கப்படுகிறது. உப்புச் சேர்ந்த பண்டங்களைக் கோயிலுக்குள் எடுத்துச் செல்வதும் இல்லை. தனக்கு ஒப்பாக எவரும் இல்லாதவன் என்னும் பொருளில் ஒப்பிலியப்பனாக விளங்கியவன், மக்கள் வாக்கில் உப்பிலியப்பனாகவும் ஆனான்.

இந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதனுள் இருக்கும் குடும்ப நீதியைத்தான் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்பதைத் தந்தை ஒரு குறையாகச் சொன்னார். மணமகனோ, “மெல்லக் கற்றுக்கொள்வாள்” என்று சொல்லவில்லை. “வேறொருவர் சமைக்கட்டும்” என்றும் சொல்லவில்லை. அவள் கை எதைத் தருகிறதோ அதுவே தனக்கு அமுது என்றான். ஒருநாள் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. யுகம் யுகமாக அதையே உண்டுவருகிறான். இத்தலத்தில் தாயாருக்குத் தனிச் சன்னதி இல்லை. கருவறையில் அருகிலேயே இருக்கிறாள். வீதியுலாவிலும் உடன் வருகிறாள். உப்பை விட்டவன் உறவை விடவில்லை.

உப்பு ஏன் தவறுகிறது?

சமையலில் உப்புத் தவறுவதற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக்கூடாது. புதிதாக இல்லறம் ஏற்ற பெண்களை ஏமாற்றும் காரணங்கள் பல உண்டு.

முதலாவது, உப்பின் வகை. மாமியார் ஐம்பது ஆண்டுகளாகக் கல்லுப்பை அள்ளியிட்டுப் பழகியவர். மருமகள் கையில் இருப்பதோ தூள் உப்பு. கல்லுப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், ஒரு கரண்டி கல்லுப்பைவிட ஒரு கரண்டி தூள் உப்பின் எடை அதிகம். “ஒரு கரண்டி போடு” என்று மாமியார் சொன்னதும் சரி, மருமகள் ஒரு கரண்டி போட்டதும் சரி. ஆனாலும் குழம்பு கரிக்கும்.

இரண்டாவது, காயின் தன்மை. முளைக்கீரை நறுக்கும்போது பாத்திரம் நிறைய இருக்கும்; வெந்தபின் ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடும். பச்சைக் கீரையின் அளவைப் பார்த்து உப்பிட்டால் கூடிவிடும். அதனால்தான் கீரை வெந்து அடங்கியபின் உப்பிடும்படி மூத்தோர் சொல்வார்கள்.

மூன்றாவது, கொதி. உப்புப் போட்டபின் குழம்பு நெடுநேரம் கொதித்தால் நீர் ஆவியாகிப் போகும். உப்போ அங்கேயே தங்கிவிடும். பூஜைக்கு நேரமாகிறது என்று அடுப்பிலேயே விட்டுவைத்த குழம்பு கரிப்பது இதனால்தான்.

நாவில் இட்டுப் பாராமல் இவற்றையெல்லாம் கணித்துச் சமைக்கும் திறமை ஒருநாளில் வருவதில்லை. கொதிக்கும் சாம்பாரின் மணத்தைக் கொண்டே உப்புச் சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடும் பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் மருமகளாக வந்து தடுமாறியவர்களே.

கண்ணனுக்குச் சீடை, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை

உப்பைத் தாண்டியும் சோதனைகள் உண்டு. கோகுலாஷ்டமிக்குச் சீடை செய்யும் வீட்டில் பாதிப் பேர் அடுப்பங்கரைப் பக்கமே வரமாட்டார்கள். எண்ணெயிலிட்ட சீடை எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? மாவிற்குள் அகப்பட்ட ஈரம் சூட்டில் ஆவியாகிறது. மேற்புறம் இறுகிவிட்டதால் வெளியேற வழியில்லை, வெடித்துக்கொண்டு வருகிறது. மாவில் கலந்த சிறு கல்லும் நொய்யும் கரையாத உப்பும்கூட வெடிக்கக் காரணமாகும் என்பது அனுபவம் மிக்கவர்கள் கண்டது. ஆகவே அரிசி மாவையும் வறுத்து அரைத்த உளுத்த மாவையும் நன்றாகச் சலித்துக்கொள்ளவேண்டும். உப்பை நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்கவேண்டும். சீடையை அழுத்தி வழவழப்பாக உருட்டாமல், தளர்வாக உருட்டி, வெள்ளைத் துணியில் சற்று உலரவிடவேண்டும். தீயை மிதமாக வைத்து, வாணலிக்குச் சற்று விலகியே நிற்பது நல்லது.

மார்கழி இருபத்தேழாம் நாளான கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் செய்யும்போது வேறொரு சிக்கல் எழும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைச் சேர்த்தால், வெல்லத்தின் புளிப்புத் தன்மையால் பால் திரிந்துவிடக்கூடும். அரிசியும் பருப்பும் பாலில் குழைய வெந்து கெட்டியானபின் அடுப்பிலிருந்து இறக்கி, சற்றுச் சூடு தணியவிட்டு, கரைத்து வடிகட்டிய வெல்லப் பாகைச் சேர்த்தால் திரியாது.

விநாயகர் சதுர்த்தியில் கொழுக்கட்டைச் சொப்பு விரிசல் விடுவது இன்னொரு கவலை. அரிசி மாவைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் கிளறினால்தான் மாவு வெந்து இழுபடும் பதத்திற்கு வரும். நீர் சூடாக இருந்தால் மட்டும் போதாது. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால், கடைசிக் கொழுக்கட்டை வருவதற்குள் மாவு காய்ந்து பிளக்கத் தொடங்கும்.

இந்த நுணுக்கங்களில் ஒன்று பிசகினாலும் படையல் தட்டில் அது தெரியும். வெடித்த சீடையையும் பிளந்த கொழுக்கட்டையையும் வெளியே எடுத்து ஒதுக்கிவிட்டு, நல்லவற்றைத் தட்டில் அடுக்கி, ஒதுக்கியதைப் பின்னர் தான் மட்டும் உண்ணும் தாய்மார்களை நாம் அறிவோம். அந்த ஒதுக்கிய கிண்ணத்தை வீட்டில் வேறு யாரேனும் கவனித்தது உண்டா?

மழை இரவில் ஓர் அடுப்பு

சமைப்பவரின் சுமையை வீட்டார் எப்படிப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பதற்குச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் ஓர் இல்லத்தைக் காட்டுகிறார். அடியார்களுக்கு அமுதூட்டியே செல்வமெல்லாம் தீர்ந்துபோன இளையான்குடி மாற நாயனாரின் இல்லம் அது. மழை பொழியும் இருண்ட இரவில் சிவபெருமான் அடியார் வேடம் தாங்கி அங்கே எழுந்தருளினார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. “என் செய்வோம்?” என்று நாயனார் மனைவியாரைக் கேட்டார். பகலில் வயலில் விதைத்த முளை நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்ற வழியைச் சொன்னவர் அந்த அம்மையார்தான்.

நாயனார் இருட்டில் காலால் தடவி வழியறிந்து சென்று, நெல்லை வாரிக் கூடையில் சுமந்து வந்தார். விறகில்லை என்றதும் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுத்தார். கறிக்கு ஒன்றுமில்லை என்றபோது கொல்லையிலிருந்த இளங்கீரையைப் பறித்து வந்தார். அம்மையார் ஈர நெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கினார். இருந்த ஒரே கீரையைக் கொண்டு வெவ்வேறு கறியமுதுகளை ஆக்கினார். அமுது செய்ய அடியாரை அழைத்தபோது, சிவபெருமான் சோதி வடிவாய்த் தோன்றி இருவருக்கும் அருள்புரிந்தார்.

அந்த இல்லத்தில் சமையல் ஒருவருடைய தனிச்சுமையாக இருக்கவில்லை. மனைவியார் வழி சொன்னார். கணவர் ஓடியாடிக் கொண்டுவந்து கொடுத்தார். “இந்த நேரத்தில் ஏன்?” என்று ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அருளும் இருவருக்குமாகவே வந்தது.

நம் வீட்டிலும் பண்டிகை நாளில் மாவு சலிக்கவும், தேங்காய் துருவவும், சீடை உருட்டவும் பிள்ளைகளும் ஆடவரும் அமரலாம். ஒரு கை மாவைப் பிசைந்து பார்த்தவர், அடுத்த முறை குறை சொல்வதற்கு முன் சற்று யோசிப்பார்.

இலையின் மூலையில் இருக்கும் இடம்

வாழையிலையில் பரிமாறும்போது, இடப்புற மேல்மூலையில் முதலில் சிறிது உப்பை வைப்பது நம் மரபு. அதை ஒரு சடங்காகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஒரே குழம்பை இரத்த அழுத்தம் உள்ள தாத்தாவும் உண்ணவேண்டும். ஓடியாடி விளையாடும் பேரனும் உண்ணவேண்டும். இருவர் நாவிற்கும் ஒரே உப்புப் பொருந்தாது. வேண்டியவர் வேண்டிய அளவு தாமே சேர்த்துக்கொள்ள அந்த மூலை உப்பு உதவுகிறது. யாரையும் கேட்கவேண்டியதில்லை, யார் மனமும் புண்படவேண்டியதும் இல்லை. குறையை வாயால் சொல்லாமல் கையால் நிரப்பிக்கொள்ளும் நாகரிகம் நம் இலையிலேயே இருக்கிறது.

இதனால் உண்மையைச் சொல்லவே கூடாது என்று பொருளில்லை. திருத்திக்கொள்ளவேண்டியதைப் பின்னர், தனிமையில், அன்போடு சொல்லலாம். மூத்தவர்கள் “என் கையளவு இது, தூள் உப்பானால் இதில் முக்கால்தான் போடவேண்டும்” என்று அருகில் நின்று காட்டிக்கொடுக்கலாம். அது குறை கூறல் ஆகாது. தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் கல்வி அது. எல்லோரும் அமர்ந்திருக்கும் பந்தியில் சொல்லும்போதுதான் அதே சொல் முள்ளாகிவிடுகிறது.

படைத்தது இறைவனுக்கு. அவன் ஏற்றுக்கொண்டபின் அது பிரசாதம். கோயிலில் கையில் வாங்கும் பிரசாதத்தில் உப்புக் குறைவு, இனிப்பு அதிகம் என்று நாம் சொல்வதில்லை; கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்கிறோம். நம் வீட்டுப் பூஜையறையில் படைத்து எடுத்த அன்னமும் அதே பிரசாதம்தான். அதைச் சமைத்த கை நம் தாயின் கையாகவோ மனைவியின் கையாகவோ மருமகளின் கையாகவோ இருப்பதாலேயே அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

வரும் பண்டிகை நாளில், பூஜை முடிந்ததும் சமைத்தவரையும் அமரவைத்து, வேறொருவர் அவருக்குப் பரிமாறட்டும். ஒதுக்கி வைத்த வெடித்த சீடைகளும் எல்லோர் தட்டிலும் சமமாக விழட்டும். முதல் கவளத்திற்குப் பின் வரும் முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கட்டும். பூமிப்பிராட்டியின் கைச்சோற்றை இன்றளவும் உவந்து உண்ணும் திருவிண்ணகரப்பன், அந்த இல்லத்துப் பந்தியிலும் மனம் மகிழ்ந்து எழுந்தருளுவான்.