போரில் வேண்டுமென்றே செய்யப்படும் அழிவு அனர்த்தமா?

மாணவர்களே, அனர்த்தத்துக்கு உதாரணம் தருக என்றால் உங்களில் பெரும்பாலானோர் 2004 டிசம்பர் 26 சுனாமியையே எழுதுகிறீர்கள். மனிதனால் ஏற்படும் அனர்த்தம் என்றால் தொழிற்சாலை விபத்து, எண்ணெய்க் கசிவு என்பவற்றோடு நிறுத்திவிடுகிறீர்கள். யுத்தத்தையும் எழுதலாமா என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். ஆனால் எப்படி எழுதுவது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சுனாமிக்குப் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. மக்களின் பாதுகாப்பையோ சுகாதாரத்தையோ அச்சுறுத்துகின்ற, அல்லது சொத்துக்களை அழிக்கின்ற, இயற்கையான அல்லது மனிதனால் உண்டாகும் நிகழ்வே அனர்த்தம் என்பது அதன் பொருள்கோடல். அங்குள்ள பட்டியலில் வெள்ளம், வரட்சி, சுனாமி என்பவற்றுடன் விமானத் தாக்குதலும் உள்நாட்டுப் பூசலும் சேர்க்கப்பட்டுள்ளன.

விமானத் தாக்குதலுக்கு உதாரணம் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பலும் தீப்பற்றியது. அக்கப்பலின் சிதைவு 2018இல்தான் கடலடியிலிருந்து உயர்த்தப்பட்டது. எரிகின்ற குதத்துக்கு அருகில் வாழ்பவருக்கு, தீ விபத்தினால் வந்ததா குண்டினால் வந்ததா என்பதால் வெப்பம் குறையாது. விளைவைக் கொண்டு பார்த்தால் இது அனர்த்தமே.

காரணத்தைக் கொண்டு பார்க்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. 2006 யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாறு அணைக்கதவை மூடினர். அந்த நீரை நம்பிச் சிறுபோகம் செய்த ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தவரும் அவர்களுள் இருந்தனர். வயலுக்கு நீர் இல்லை என்பதால் இதை வரட்சி என்று எழுதிவிடலாமா? மழை பொய்க்கவில்லையே, கதவல்லவா மூடப்பட்டது! அதே ஆண்டில் சம்பூர்ப் பகுதி அரச படைகளின் விமானக் குண்டுவீச்சுக்கும் ஷெல் வீச்சுக்கும் உள்ளாகியது. மூதூர் மக்களும் ஓகஸ்ட் மோதல்களின்போது ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தனர்.

சுனாமியில் கடல் வற்றியதும் மக்கள் தம் காணியைப் போய்ப் பார்க்க முடிந்தது. சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர். காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தமையால், 2015ஆம் ஆண்டளவில் அவை விடுவிக்கப்படும்வரை அவர்களால் திரும்ப முடியவில்லை. ஆகவே அழிவு தொடங்கியதும் ஒரு தீர்மானத்தால், நீடித்ததும் ஒரு தீர்மானத்தால். பாடநூல்கள் இவ்வேறுபாட்டுக்குப் போதிய இடம் தருவதில்லை என்பது எனது எண்ணம்.

இதனாலேயே ஐக்கிய நாடுகள் சபை வேறொரு நிலைப்பாட்டை எடுத்தது. 2017இல் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அனர்த்தக் கலைச்சொற்களில், மனிதனால் உண்டாகும் ஆபத்துக்கள் என்ற வகையில் ஆயுத மோதல் அடங்காது எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. அது சர்வதேச மனிதாபிமானச் சட்டத்துக்குரிய விடயம் என்பதே காரணம். சூறாவளியை யாரும் விசாரிக்க முடியாது. குண்டுவீச்சுக்குக் கட்டளையிட்டவரை விசாரிக்கலாம். எல்லாவற்றையும் அனர்த்தம் என்ற ஒரே சொல்லில் அடக்கினால் அந்தப் பொறுப்பு மறைந்துவிடக்கூடும். அதேவேளை அனர்த்தம் அல்ல என்று ஒதுக்கினால், கூடாரமும் குடிநீரும் வேண்டி நிற்பவர் நிவாரணப் பட்டியலில் பின்தள்ளப்படலாம்.

எனவே விடையில் “மனிதனால் திட்டமிட்டு ஏற்படுத்தப்பட்ட அனர்த்தம்” என வகைப்படுத்துங்கள். பின்னர் செய்தது யார், எந்த ஆண்டில், பாதிக்கப்பட்டவர் யாவர் என்பவற்றை எழுதுங்கள். “போரினால் அழிந்தது” என்று மொட்டையாக எழுதினால் பரீட்சகருக்குக் காரணம் தெரியாது. “அணைக்கதவு மூடப்பட்டதால் வயல்களுக்கு நீர் கிடைக்கவில்லை” என்று எழுதினால் காரணம், விளைவு இரண்டுக்கும் புள்ளி கேட்கலாம்.