கூண்டு மீனைத் தாக்கும் விப்ரியோ

2023 ஜூன் 28 அன்று டெல்லி கிருஷி பவனில் அப்போதைய மத்திய மீன்வளத்துறை அமைச்சர் பர்ஷோத்தம் ரூபாலா ஒரு கைபேசிச் செயலியைத் தொடங்கிவைத்தார். வளர்ப்பு மீனுக்கோ இறாலுக்கோ நோய் கண்டால், மாவட்ட மீன்வள அலுவலருக்கும் விஞ்ஞானிகளுக்கும் அதன்வழி உடனே தெரிவிக்கலாம். காலத்தே வந்த ஏற்பாடு இது. ஏன் என்று பார்ப்போம்.

கொடுவா மீனைச் சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமான சிபா 1997இல் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது. 2010இல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் கடல்விரால் மீன்குஞ்சுகள் உற்பத்தியாயின. கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகள் பெருகின. கூடவே நோயும் வந்தது.

முதல் எதிரி விப்ரியோ என்னும் பாக்டீரியா. காலராக் கிருமியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். கடல்நீரில் இயல்பாகவே வாழும் இதைத் துரத்திவிட முடியாது. தண்ணீர் சூடாகி, மீன்கள் நெருக்கியடித்து, வலையில் உரசிச் செதில் பெயர்ந்தால், அந்தக் காயமே இதற்கு வாசல். தோலில் புண், அரித்த துடுப்பு, பிதுங்கிய கண். பிறகு கொத்துக்கொத்தாகச் சாவு.

பதறி ஆன்டிபயாடிக் கொட்டுவதுதான் பெரிய ஆபத்து. கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்தின் எச்சம் நம் தட்டுக்கும் வரும்.

நார்வே இதில் நல்ல பாடம். 1987இல் அங்கே மீன் வளர்ப்பில் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. சால்மனுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபின் அது ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது. உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. நம் கொடுவாவுக்கும் கடல்விராலுக்கும் அத்தகைய தடுப்பூசி பரவலாகக் கிடைக்க வேண்டும். அதுவரை இடைவெளி விட்டு வளர்ப்பதும், வலையைச் சுத்தமாக வைப்பதும், செத்த மீனை அன்றே அகற்றுவதும்தான் வளர்ப்பவர் கையிலுள்ள காப்பு.