ஹிஜ்ரி 868ஆம் ஆண்டின் பீரங்கி

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை நோக்கியவாறு போர்ட்ஸ்டவுன் குன்று நீண்டு கிடக்கிறது. அதன்மீது 1860-களில் எழுந்தது நெல்சன் கோட்டை. பிரெஞ்சுப் படை நிலவழியே வந்து கப்பல்தளத்தைப் பிடித்துவிடுமோ என்னும் அச்சமே அதனைக் கட்டச் செய்தது, அப்படையோ வரவேயில்லை. இன்று அக்கோட்டை பீரங்கி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அங்குள்ளவற்றுள் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது துருக்கியப் பெரும் பீரங்கியாகும். சுல்தான் இரண்டாம் முஹம்மதுக்காக 1464இல் முனீர் அலி என்பவர் வெண்கலத்தில் வார்த்தது அது. நீளம் 5 மீட்டருக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 17 டன். குழல்வாயின் குறுக்களவு 63 சென்டிமீட்டர். இறைவனின் உதவியை வேண்டி, சுல்தானின் பெயரையும், 868ஆம் ஆண்டு ரஜப் மாதத்தையும் பொறித்துள்ள அரபு எழுத்துகளில் வார்ப்பாளரின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. அரசர் பெயரோடு தொழிலாளி பெயரும் நிலைபெறுவது வரலாற்றில் அரிதன்றோ?

இப்பீரங்கி இரு துண்டுகளால் ஆனது. முன்துண்டு கற்குண்டு செல்லும் அகன்ற குழல். பின்துண்டு வெடிமருந்து அறை. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குதற்பொருட்டு அதன் உட்துளை குறுகியும் சுவர் தடித்தும் உள்ளது. இரண்டையும் இணைப்பது திருகுமரை. விளிம்பிலுள்ள குழிகளில் நெம்புகோல்களைச் செருகித் திருகுவர். தனித்தனியே வார்க்கவும் கொண்டுசெல்லவும் இம்முறை எளிது.

கான்ஸ்டாண்டிநோபிளின் மதிலைத் தகர்த்தது இதுவே என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். அந்நகர் வீழ்ந்தது 1453இல். இது பதினோராண்டு இளையது. அம்முற்றுகைக்குப் பெரும் பீரங்கி வார்த்தளித்தவர் ஓர்பன் என்னும் கிறிஸ்தவர். அவர் முதலில் பைசாந்தியப் பேரரசரிடமே பணிபுரிய முன்வந்தார்; தக்க ஊதியம் தர அங்கே பொருளில்லை. நம் பெருமையை நாமே பேசும்போதும் ஆண்டுக் கணக்கைப் பார்த்தல் நன்று.

வார்ப்புக்கு 343 ஆண்டுகள் கழித்து, 1807இல், டார்டனெல்ஸ் நீரிணையைக் கடந்து திரும்பிய பிரிட்டிஷ் கப்பல்களை இத்தகைய பழம்பீரங்கிகளின் கற்குண்டுகள் தாக்கின. 1866இல் சுல்தான் அப்துல் அஜீஸ் இதனை விக்டோரியா அரசிக்கு அன்பளிப்பாக்கினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்ட திப்புவின் மரப்புலி இலண்டனுக்குச் சென்ற கதை வேறு; அது கொள்ளைப்பொருள்.

அதே கோட்டையில் ஈராக்குக்கென இங்கிலாந்திலேயே செய்யப்பட்ட மாபெரும் பீரங்கியின் துண்டுகளும் உள்ளன. அதன் துளை ஒரு மீட்டர். எண்ணெய்த் தொழிலுக்கான குழாய்கள் என்ற பெயரில் கப்பலேறவிருந்தவற்றை 1990இல் சுங்கத்துறையினர் கைப்பற்றினர்.