புயல் வருஷத்துப் பதிவேடு

என் தாய்மாமா பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. புயல் மட்டும் தெரியும். 1964 டிசம்பர் கடைசியில் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போன அந்தப் புயல். "காத்து ஓய்ஞ்சு, கூரையை மறுபடி வேய்ஞ்ச பொறகு பொறந்தவன்" என்பார் அம்மாச்சி. ராமநாதபுரம் சீமையில் அந்தத் தலைமுறைக்குப் புயலும் பஞ்சமும்தான் காலண்டர். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் தன் போக்கில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அதில் மாமாவுக்கு இரண்டு வயது கூடிப்போனது.

அந்த இரண்டு வயதின் கனம் 1993இல்தான் தெரிந்தது. அரசு வேலைக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள். பிறப்புப் பதிவேட்டின் நகல் கிடைத்தால் பள்ளிச் சான்றைத் திருத்த மனுப் போடலாம் என்று ஒரு பத்திர எழுத்தர் வழி சொன்னார். பழைய பதிவேடுகள் இருந்த அலுவலகத்துக்கு மாமாவோடு நானும் போனேன். எனக்கு அப்போது பத்து வயது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்திருக்கவில்லை, பீரோவின் கதவைத் தொடவும் இல்லை. "அந்த வருஷம் இல்லப்பா" என்றார். மூன்று முறை போனோம், மூன்று முறையும் அதே பதில். மாமா திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.

அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. கேட்டதற்கும் சாட்சி இல்லை, மறுத்ததற்கும் சாட்சி இல்லை. அன்றைய நிலைமையைச் சொல்ல எனக்கு இதைவிட வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அதற்கு முந்தைய காலம் இன்னும் இறுக்கமானது. நிலக்கணக்கைக் கர்ணம் எழுதினார், பிறப்பு இறப்பை முன்சீப் எழுதினார். இரண்டு பதவியும் பெரும்பாலும் அப்பனுக்குப் பின் பிள்ளைக்கு என்று வந்தவை. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாம் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தன. உன் வயல் எத்தனை சென்ட், யார் பெயரில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து கேட்க எல்லாராலும் முடியாது. தெருவில் நின்றபடி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டவர்கள்தான் ஊரில் அதிகம். வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் எல்லாம் தாலுகா ஆபீஸுக்குப் போகும். அந்த ஒரு நாள்தான் மேலதிகாரி முன்னால் மனுவோடு நிற்க வாய்ப்பு.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பின்னால் தேர்வு எழுதி வந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர்கள் ஆனார்கள். அதுவரை கணக்கு எழுதவே வாய்க்காத சாதிகளின் பிள்ளைகள் வி.ஏ.ஓ.வாக வந்து உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராம வரலாற்றில் இதைப் பெரிய திருப்பம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஏட்டைக் கேட்கும் முறை மாறவில்லை. தெரிந்தவர் மூலம் போக வேண்டும், கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும்.

சட்டம் அப்போதும் நம் பக்கம்தான் இருந்தது. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில், பதிவேட்டில் தேடச் சொல்லவும் நகல் வாங்கவும் எவருக்கும் உரிமை உண்டு. இறப்புக்கான காரணத்தை மட்டும் அந்த நகலில் காட்டக் கூடாது. பத்திரப் பதிவுக்கான 1908ஆம் வருஷத்துச் சட்டமும் இப்படித்தான்: நிலக் கிரயங்கள் ஏறும் முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகம் வேறு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர மற்றவருக்கு அதிலிருந்து நகல் கிடையாது. எதைத் திறந்து வைப்பது, எதை மூடுவது என்று அந்தக் காலத்திலேயே யோசித்து எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்கு இது தெரியாது. அந்த மேஜைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

2005 அக்டோபர் 12 அன்று தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1997லேயே இப்படி ஒரு சட்டம் இருந்தது; எங்கள் ஊர்ப்பக்கம் அதை யாரும் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை. 2005 சட்டம் ஊருக்குள் வந்தது. 2008இல் நான் ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 1964, 1965 வருஷங்களின் பிறப்புப் பதிவேட்டை நேரில் பார்வையிட வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாமாவுக்கு அந்தச் சான்றால் ஒரு பயனும் இல்லாத வயது அது. மளிகைக் கடை வைத்து நிலைத்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த பஸ் பயணம் மனதைவிட்டுப் போகவில்லை.

ஒரு வாரத்தில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அலுவலக முத்திரையும் தேதியும் அதில் இருந்தன. கம்ப்யூட்டர் வந்து எல்லாம் மாறியது என்று பலர் சொல்கிறார்கள். மாறியது அந்த அட்டையில்தான் என்பேன். அந்தத் தேதியிலிருந்து 30 நாள் ஓடத் தொடங்குகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே ஆணையம். உரிய காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலரின் கையிலிருந்தே அபராதம். வாயால் "இல்லப்பா" என்று சொல்லி அனுப்புவது அதோடு முடிந்தது.

24ஆம் நாள் பதில் வந்தது, போனேன். முனை கரையான் அரித்த நீள நோட்டு. பக்கம் பக்கமாக ஒட்டியிருந்ததை ஊழியர் ஒருவர் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தார். அவர் அன்று காட்டிய அக்கறையை மறக்க மாட்டேன். 1965 பிப்ரவரியில் அம்மாச்சியின் பெயரும் தாத்தாவின் பெயரும் இருந்தன. குழந்தை: ஆண். பெயருக்கான கட்டம் காலி. அந்தப் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது காலிதான். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு யார் போய்ச் சேர்ப்பது? மாமாவிடம் நகலைக் கொடுத்தபோது கடையில் கூட்டம். கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். இரவு கடை அடைத்த பிறகு எடுத்துப் படித்தார் என்று அத்தை சொன்னாள்.

இன்று பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் கைப்பேசியில் வருகின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் போட்டால் போதும். வில்லங்கத்தையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். போன் வசப்படாதவர்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் வந்தபோது, எங்கள் தெருவில் வீடு வீடாகப் பழைய 2002, 2005 பட்டியல்களைப் போனில் திறந்து செத்துப்போன அப்பன் பெயரையும் ஆத்தாள் பெயரையும் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததும் எழுந்து நின்று கூப்பிட்டவர்கள் உண்டு.

ஆனால் திரையில் வருவது ஏட்டில் இருந்ததுதான். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். வேலையில் ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏர்ஸும் ஆயின. அந்தப் போக்கில் எத்தனையோ பேரின் பெயர் பிழையாக ஏறியது, பங்காளி பெயர் புகுந்தது, உட்பிரிவு இடம் மாறியது. எங்கள் தாத்தாவின் தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறி வேறொருவர் ஆகிவிட்டார். அந்தப் பிழை இப்போது க்யூ.ஆர். குறியீட்டோடு அச்சாகிறது. திருத்த வேண்டுமானால் யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல் வேண்டும். அது இணையத்தில் கிடைக்கவில்லை. பதிவறையில் தேடச் சொல்லித்தான் மனுப் போட வேண்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2023ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை மாற்றியது; 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு தனிநபர் விவரத்தை மறுப்பதற்கு அந்தப் பிரிவிலேயே நிபந்தனைகள் இருந்தன. இப்போது அவை இல்லை. பொதுநலன் கருதிக் கொடுக்க 8(2) பிரிவு மிஞ்சியிருக்கிறது, அதைக் கேட்பவர் வாதாடித்தான் பெற வேண்டும். ஒருவரின் நோயும் உயிலும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் கூலிப்பட்டியலை ஊர் நடுவே வாசித்தபோதுதான் வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியது வெளியே வந்தது. தகவல் உரிமைச் சட்டம் பிறந்ததே அங்கேதான். பெயர் இல்லாமல் அந்தப் பட்டியலை வாசித்திருக்க முடியாது. நூறு நாள் வேலைக் கணக்கையோ வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலையோ நாளைக்கு ஒருவர் கேட்டால், தனிநபர் விவரம் என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

தாத்தாவின் தகப்பன் பெயரைத் திருத்துவதற்கான மனு போன மாதம் போயிருக்கிறது. விண்ணப்ப எண்ணை அம்மா சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் தேதி கிழிக்கும்போது, "இன்னைக்கு எத்தனாவது நாள்டா?" என்று கேட்கிறாள். இன்றைக்கு 19.