அழித்த தரவு திரும்பி வராமலிருக்க

ஒரு வாடிக்கையாளர் தன் பழைய முகவரியை நீக்குகிறார். திரையிலிருந்து அது மறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அதே முகவரி மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் ஊடுருவவில்லை, நிரலிலும் பிழையில்லை. பல தரவு மையங்களில் பரந்து கிடக்கும் தரவுத்தளத்தில் செய்தே ஆக வேண்டிய 'ரிப்பேர்' வேலை தவறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக்கில் அவினாஷ் லட்சுமண், பிரசாந்த் மாலிக் இருவரும் உருவாக்கியது. 2008-ல் திறமூலமாக வெளிவந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் மையத்துக்கு மூன்று நகல் வைப்பது வழக்கம். இரண்டு மையம் என்றால் ஆறு நகல். இதில் தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. எழுதும்போது ஆறும் பதில் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அருகிலுள்ள மையத்தில் மூன்றில் இரண்டு 'சரி' சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். வேகத்தின் ரகசியம் இதுதான். சிக்கலின் வேரும் இதுதான்.

ஒரு கணினி படுத்துவிட்டால், அதற்குச் சேர வேண்டியதை மற்றொரு கணினி குறித்து வைத்திருந்து பிறகு கொடுக்கும். ஆனால் வழக்கமான அமைப்பில் 3 மணி நேரம்தான் அப்படிக் குறித்து வைக்கும். அதற்குப் பிறகு நகல்கள் வேறுபடத் தொடங்குகின்றன.

நீக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கசாண்ட்ரா தரவை உடனே அழிப்பதில்லை. 'இது இறந்துவிட்டது' என்று ஓர் அடையாளம் எழுதி வைக்கிறது. பொறியாளர்கள் அதை 'டூம்ஸ்டோன்', அதாவது கல்லறைக் கல் என்கிறார்கள். 10 நாள் கழிந்தால் அந்தக் கல்லையும் அகற்றிவிடலாம் என்பது விதி. ஐந்து நகல்களில் கல்லும் போய்விட்டது, நீக்கிய செய்தியே எட்டாத ஆறாவது கணினியில் மட்டும் பழைய முகவரி இருக்கிறது என்றால்? மற்ற ஐந்தும் அதைத் தங்களிடம் விட்டுப்போன தரவு என்று நம்பி வாங்கிக்கொள்ளும். இறந்தது எழுந்துவிடும்.

ஆகவே அந்த 10 நாளுக்குள் எல்லா நகல்களையும் ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். இதுதான் 'ரிப்பேர்'. முழுத் தரவையும் மையத்துக்கு மையம் அனுப்பி ஒப்பிடக் கட்டுப்படியாகாது. அங்கே கைகொடுப்பது, 1979-ல் ரால்ஃப் மெர்க்கிள் முன்வைத்த மர அமைப்பு. தரவைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு சுருக்க எண் போடுவார்கள். இரண்டிரண்டு எண்களைச் சேர்த்து மேலே ஓர் எண், அதற்கு மேலே இன்னொன்று என்று உச்சியில் ஒரே எண் மிஞ்சும். இரு கணினிகளின் உச்சி எண்ணும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கிளை கிளையாக இறங்கி, வேறுபடும் கட்டைப் பிடிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கணினி யோசனைகளில் இதுவும் ஒன்று.

இதற்கும் விலை உண்டு. ஆரம்பகாலப் பதிப்புகளில் 32,768 கட்டுகள். 10 லட்சம் வரிகள் என்றால், ஒரு கட்டில் ஏறக்குறைய 30. ஒரு வரி மாறியிருந்தாலும் முப்பதும் பயணப்படும். இந்தச் சுமையைத் தாங்கத்தான் ஸ்பாட்டிஃபை நிறுவனம் 'ரீப்பர்' என்ற கருவியை உருவாக்கியது. ரிப்பேரைத் துண்டு துண்டாக்கி அது நடத்தும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கணினியும் தன் முதன்மைப் பங்கை மட்டும் சரிசெய்யும் முறை இருக்கிறது. அதை ஒரே மையத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தினால், அடுத்த மையத்துக் கணினிகளின் பங்கு அப்படியே விடுபடும். எல்லா மையத்திலும், எல்லாக் கணினியிலும் ஓட்ட வேண்டும்.

10 நாளுக்கு மேல் அணைந்து கிடந்த கணினியை மட்டும் அப்படியே மறுபடி இணைத்துவிடாதீர்கள். அதிலுள்ள தரவை முழுக்கத் துடைத்துவிட்டு, புதுக் கணினியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.