ஓடாத வீடியோவுக்குப் பின்னால் ஓடாதீர்கள்! உஷார்!

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைத் தேர், மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், ஊரில் ஒரு செத்தவீடு என்று இப்போது எல்லாமே நேரலையில் போகின்றன. சூரிச்சிலும் லண்டனிலும் கட்டாரிலும் சனம் போனைப் பிடித்தபடி காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து வீடியோ ஓடாது. கறுப்புப் பெட்டி, நடுவில் சுற்றும் வட்டம், கீழே ஒரு பொத்தான்: "பார்க்க இங்கே அழுத்தவும்." அழுத்தாதீர்கள்! வீடியோ ஓடாததால் யாருடைய வங்கிக் கணக்கும் காலியானதில்லை. ஓட வைத்துத் தருகிறேன் என்று வருகிறவனிடம்தான் ஆபத்து இருக்கிறது.

இருப்பதில் கேவலமானது செத்தவீட்டு மோசடி. முகநூலில் மரண அறிவித்தலைத் தேடிப் பிடித்து, இறந்தவரின் படத்தையும் பெயரையும் எடுத்து, 'இறுதிக்கிரியை நேரலை' என்று ஒரு குழுவைத் திறந்துவிடுகிறார்கள். இணைப்பை அழுத்தினால் வீடியோ போலவே ஒரு படம் நிற்கும். அது ஓடாது, ஓடுவதற்கு கார்ட் விபரம் கேட்கும். 2024 செப்டெம்பரில் அமெரிக்க இணையக் குற்றச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் இந்தக் குழுக்களைத் துருவிப் பார்த்து எழுதினார். அங்கே நடந்தது இங்கே நடக்க என்ன தடை? நமது மரண அறிவித்தல்களில் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள் இருக்கும் நாடுகள், நல்லடக்கம் நடக்கும் நேரம் வரை எல்லாம் இருக்கும். கள்ளனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத் தவிக்கும் மகன், இணையமுகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க மாட்டான். அந்தத் தவிப்பை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு பக்கத்துக்குள் பதித்து வைத்த வீடியோ ஓடாமல் இருப்பதற்கான உண்மையான காரணங்களில் பலவற்றை உங்கள் போனில் திருத்தவே முடியாது. 'வேறு தளங்களில் ஓட உரிமையாளர் அனுமதிக்கவில்லை' என்று வந்தால், அவர் அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறார். யூடியூப்பிலேயே போய்ப் பாருங்கள். வயதுக் கட்டுப்பாடு உள்ள வீடியோவும் அப்படித்தான். 'பிழை 153' என்று வந்தால் தவறு அந்த இணையத்தளத்தை நடத்துகிறவர் பக்கம். வீடியோவைக் கேட்பது எந்தத் தளம் என்ற தகவல் யூடியூப்புக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் பக்கம் பார்க்கக்கூடியவை கொஞ்சம்தான். போன் சுத்தமாகச் சார்ஜ் இறங்கி எழுந்தபின் திகதி பிழையாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. விளம்பரத் தடுப்பு செயலி சிலவேளை வீடியோவையும் சேர்த்துத் தடுக்கும். வட்ஸ்அப் பக்கேஜ் மட்டும் போட்டிருந்தால், வட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வெளியே திறக்கும்போது அந்த டேட்டா உதவாது. படுவான்கரையில் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடங்களுக்கு இந்த விளக்கம்கூடத் தேவையில்லை.

இனி, ஒருபோதும் நம்பக்கூடாதவை.

'ஃப்ளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்' என்று வந்தால் அது பொய். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் ஃப்ளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் உள்ளடக்கம் ஓடாதபடி அதுவே தடுத்தும்விட்டது. செத்த மென்பொருளுக்கு ஏது புதுப்பிப்பு? 2008 இலேயே கூப்ஃபேஸ் என்ற புழு, நண்பர் அனுப்பிய வீடியோ போல முகநூலில் வந்து, இதே 'புதுப்பிப்பை'க் காட்டித்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. தந்திரம் பழையது, ஏமாறுகிறவர்கள் மட்டும் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.

போனில் 'பிளேயர்' என்று ஒரு ஏபிகே கோப்பை இறக்கச் சொல்லும். இறக்கினால் அடுத்ததாக 'அணுகல்தன்மை' அனுமதி கேட்கும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதற்காக வைத்த வசதி அது. அதைக் கொடுத்தால் உங்கள் திரையில் வருவதையெல்லாம், வங்கி அனுப்பும் ஓடிபி உட்பட, கள்ளன் வாசிப்பான். உங்களுக்குப் பதிலாக அவனே பொத்தானும் அழுத்துவான். பெத்தா "மனே, இது ஓடுதில்ல, ஒருக்காப் பாரு" என்று நீட்டும் போனை வாங்கும் பேரப்பிள்ளைகள்தான் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' கொடுப்பவர்கள். அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கணினியில் வருவது இன்னும் நுணுக்கமானது. 2024 முதல் உலகமெங்கும் பரவியிருக்கிறது. 'வீடியோவைச் சரிசெய்ய' என்ற பொத்தானை அழுத்தியதும், உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளை பிரதியாகிவிடும். பிறகு விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்து, என்டர் தட்டு என்று வரிசையாகச் சொல்லித் தரும். அந்த மூன்றையும் செய்தால் திருட்டு மென்பொருளை உங்கள் கையாலேயே நிறுவிவிட்டீர்கள்.

ஊரில் யூடியூப்பே முடங்கிய நாட்களும் உண்டு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 இற்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 இலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடுத்தபோது, தடையைத் தாண்டக் கண்ணில் பட்ட இலவச விபிஎன்னை எல்லாம் சனம் போனில் ஏற்றியது. நீங்கள் இணையத்தில் பார்ப்பதெல்லாம் அந்த விபிஎன்காரர் வழியாகத்தான் போகிறது. இன்னும் போனில் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

நேரலை போடுகிற கோவில் நிர்வாகத்துக்கும் செத்தவீட்டுக்காரருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சரியான இணைப்பை முதல் நாளே குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். 'இலவசம், கார்ட் கேட்காது' என்று பக்கத்தில் எழுதுங்கள். நேரலை ஓடும்போது ஒருவரை உட்கார வைத்து, கீழே அந்நியர் போடும் இணைப்புகளை அழிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அழுத்தியவர்கள் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து கார்டை முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் வேறு கருவியில் இருந்தே மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து தெரியாததை வெளியேற்றுங்கள். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் சொல்லுங்கள், அந்த இணைப்பை உங்களுக்கு அனுப்பியவருக்கும் சொல்லுங்கள். அவருடைய கணக்கு இந்நேரம் அவர் கையில் இல்லாமலும் இருக்கலாம். அதனால் மெசேஜ் போடாமல் நேரே கோல் எடுங்கள்.