ரத்தத்தின் வழியே – 12: எந்த ஊர் லேபிலும் ஒரே பதில்

சேலத்தில் கிளம்பும் ரயில் தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகிறது. பாலக்கோட்டில் ஒரு குழந்தைக்கு விடாத காய்ச்சல், ஈறில் ரத்தக்கசிவு, வெள்ளை அணுக்கள் தாறுமாறு என்றால், பெற்றோர் எந்தப் பக்கமும் ஓடலாம்: பெங்களூரு கித்வாய், வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு. எங்கே போனாலும் நோயின் பெயர் ஒன்றாகத்தானே வரவேண்டும்?

சென்ற வாரம் எலும்பு மஜ்ஜை எடுப்பதுவரை பார்த்தோம். அந்த மஜ்ஜை மாதிரி அடுத்துப் போய்ச் சேருவது ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரத்துக்கு. அணுக்களின் புரதங்களில் ஒட்டும், நிறமேற்றிய ஆன்டிபாடிகளை டெக்னீஷியன் முதலில் மாதிரியில் கலக்கிறார். சிவப்பணுக்களை உடைத்துக் கழுவிவிட்டு மிச்சத்தை இயந்திரத்தில் செலுத்தினால், அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும். ஒளிரும் நிறத்தை வைத்து எந்த அணுவில் எந்தப் புரதம் என்று தெரிந்துகொள்ளலாம். சி.டி.19 என்ற புரதம் பி-லிம்ஃபாய்டு வகையைக் காட்டும், எம்.பி.ஓ. மைலாய்டு வகையை. இரண்டும் ரத்தப் புற்றுநோய்தான். சிகிச்சை முறையோ வேறு வேறு.

இங்கேதான் சிக்கல். எத்தனை சதவீத அணுக்களில் ஒரு புரதம் தெரிந்தால் ‘பாசிட்டிவ்’ என்பதற்கு, ஈஜில் என்ற ஐரோப்பிய வல்லுநர் குழு 1995-ல் ஓர் எல்லை வகுத்தது. பெரும்பாலான புரதங்களுக்கு 20 சதவீதம், எம்.பி.ஓ. போல அணுவுக்குள் இருக்கும் சிலவற்றுக்கு 10 சதவீதம். ஒரு மாதிரியில் எம்.பி.ஓ. 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த விதியைப் பின்பற்றும் லேப் ‘பாசிட்டிவ்’ என்று எழுதும். எல்லாவற்றுக்கும் 20 என்று வைத்திருக்கும் லேப் ‘நெகட்டிவ்’ என்று எழுதும். நிறமும் கணக்கை மாற்றும். பி.இ. சாயம் பளிச்சென்று ஒளிரும், எஃப்.ஐ.டி.சி. மங்கல். குறைவாக உள்ள புரதத்துக்கு மங்கல் சாயத்தைப் போட்டால், இருப்பதே இல்லாததுபோலத் தெரியும். ஒரு குழந்தையின் மருந்தை இப்படிப்பட்ட வேறுபாடு தீர்மானிக்கக் கூடாது.

இந்தியாவில் இதற்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்று 2008-ல் மும்பையில் நோய்க்குறியியல் வல்லுநர்கள் கூடினார்கள். டாடா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர் சுமீத் குஜ்ரால் முன்னின்றவர்களில் ஒருவர். எந்த ஆன்டிபாடிகளைக் கட்டாயம் போடுவது, அறிக்கையை எப்படி எழுதுவது என்று அங்கே பேசி வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 2006-ல் தொடங்கிய யூரோஃப்ளோ என்ற கூட்டமைப்பு இன்னும் ஆழமாகப் போனது. ஆன்டிபாடியோடு சாயத்தையும் இயந்திர அமைப்பையும் சேர்த்தே நிர்ணயித்தது. 2012-ல் எல்லாவற்றையும் வெளியிட்டது. அக்யூட் லுகேமியா (தீவிர ரத்தப் புற்றுநோய்) என்ற சந்தேகம் வந்தால் முதலில் போட வேண்டியது ஒரே குழாய், அதில் எட்டு நிறங்கள்.

கண்டறிவதோடு வேலை முடிவதில்லை. கொல்கத்தா, மும்பை, டெல்லி, சண்டிகர், சென்னை மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ‘இசிகிள்’ ஆய்வில், முதல்கட்ட சிகிச்சை முடிந்ததும் மஜ்ஜையில் மிச்ச நோய் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். எல்லை 0.01 சதவீதம், அதாவது 10,000 அணுக்களில் 1. அதைத் தாண்டினால் சிகிச்சை தீவிரமாகும். அவ்வளவு நுண்ணிய எல்லையில் 50 நோய் அணுக்களையாவது பார்க்க 5 லட்சம் அணுக்களை எண்ணவேண்டும். ஐம்பதாயிரத்தோடு நிறுத்திய லேப் ‘நோய் இல்லை’ என்று எழுதினால், அது தேடாமலே சொன்ன பதில்.

ஊர் மாறிச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அச்சடித்த அறிக்கையோடு ஃப்ளோ சைட்டோமீட்டரின் எஃப்.சி.எஸ். கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 1984-ல் வகுத்த பொது வடிவம் அது; வேறு லேபின் மருத்துவரும் அதைத் திறந்து அதே அணுக்களை மறுபடி ஆராயமுடியும். அடுத்த வாரம் குரோமோசோம் பரிசோதனை.